இரவல் அளவுகோலும் உருக்குச் சைக்கிளும்

ஒரு பண்டம் வழக்கிலிருந்து மறையும்போது, அது தன் குறைபாட்டினாலேயே மறைந்தது என்று தீர்ப்புக் கூறுவது சந்தையின் இயல்பு. விலைபோவது தகுதியுடையது, விலைபோகாதது தகுதியற்றது என்னும் இத்தருக்கம் வணிகர்க்கு மிக வசதியானது. அவர்கள் அதைக் கூறுவதில் வியப்பில்லை. கற்றோரும் அதனை ஆராயாது ஏற்று வழிமொழிவதே வியப்புக்குரியது. உருக்குக் குழாய்களாலான சட்டமும், ஒடுங்கிய சில்லுகளும், கீழ்நோக்கி வளைந்த கைபிடியும் கொண்ட வீதிச் சைக்கிளுக்கு இன்று இத்தகைய தீர்ப்பே வழங்கப்பட்டுள்ளது. அது பாரமானது, பழையது, துருப்பிடிப்பது, காலத்துக்கு ஒவ்வாதது என்கின்றனர். இவ்வாறு கூறுவோருட் பெரும்பாலோர் அச்சைக்கிளில் ஒரு மைல் தூரமேனும் சென்றறியாதவர் என்பது வேறு விடயம்.

மாத்தளை மாவட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு இத்தீர்ப்பை மீளாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உருக்குச் சைக்கிள் செல்வாக்கிழந்தமைக்குக் காரணத்தை உருக்கில் தேடுவது வீண்வேலை. ஐரோப்பியத் தொழின்முறைப் பந்தயத்தின் தேவைகளுக்கென உருவான ஓர் அளவுகோலை, அத்தேவைகள் எவையுமற்ற ஒரு சமூகம் இரவலாகப் பெற்றுத் தன் வீதிகளையும் தன் பிள்ளைகளையும் அதனால் அளக்கத் தொடங்கியதே உண்மைக் காரணம்.

உருக்கின் காலம்

மாத்தளை மாவட்டத்துக்கும் இரும்புக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. சீகிரியாவுக்கு அண்மையிலுள்ள அலகொலவெவப் பகுதியில் நிகழ்த்தப்பட்ட அகழ்வாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு இரும்பு பெருமளவில் உருக்கப்பட்டமையை வெளிப்படுத்தியுள்ளன. உலைகளின் எச்சங்களும் கழிவுக் கசடுகளும், அது வீட்டுத்தேவைக்கான சிறுதொழில் அன்று என்பதைக் காட்டுகின்றன. அவ்வுலைகளை இயக்கியவர்கள் தம் உலோகத்தின் குணத்தை அறிந்திருந்தனர். அது உடைந்தால் மீண்டும் நெருப்பிலிட்டு உருவாக்கவும் அறிந்திருந்தனர். பண்டத்தைப் பயன்படுத்தியவர்க்கும் அதனை ஆக்கியவர்க்கும் இடையே இருந்த தூரம் ஒரு நடைத்தூரமே. பழம்பெருமை பேசுதற்காக இச்செய்தி இங்கு எடுத்தாளப்படவில்லை. பின்வரும் வாதத்துக்கு இந்த நடைத்தூரம் இன்றியமையாதது.

சைக்கிளின் வரலாறும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு உருக்கின் வரலாறாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் வளர்ந்த றலி நிறுவனத்தின் வண்டிகள் பிரித்தானியப் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் சென்றன. இலங்கையில் றலி, ஹம்பர், றட்ஜ் ஆகிய பெயர்கள் தபாற்காரருக்கும் ஆசிரியருக்கும் கிராம விதானைக்கும் ஒருங்கே பழக்கமாயிருந்தன. 1935ஆம் ஆண்டில் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த றெனோல்ட்ஸ் நிறுவனம் '531' என்ற மங்கனீசு–மொலிப்டினக் கலப்புருக்குக் குழாய்களை அறிமுகஞ்செய்தது. இத்தாலியின் மிலான் நகரத்துக் கொலம்பஸ் நிறுவனம் அதனோடு போட்டியிட்டது. மெல்லிய சுவருடைய இக்குழாய்களைக் கொண்டு பத்துக் கிலோகிராம் அளவில் பந்தய வண்டிகளை ஆக்க முடிந்தது. 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக் போட்டியில் இலங்கையின் மொரிஸ் குமாரவேல் சைக்கிளோட்டத்தில் பங்குபற்றிய காலத்தில், பந்தயவுலகம் முழுவதும் உருக்கின் உலகமாகவே இருந்தது. செல்வந்த நாட்டு வீரரும் வறிய நாட்டு வீரரும் ஒரே உலோகத்தின் மீதே ஏறினர்.

1986ஆம் ஆண்டில் அமெரிக்கரான கிரெக் லெமொண்ட் காபன் நார்ச் சட்டமுடைய வண்டியில் பிரான்சு தேசச் சுற்றோட்டத்தை வென்றார். 1990களின் இறுதிக்குள் அலுமினியமும் காபன் நாரும் தொழின்முறைப் பந்தயத்திலிருந்து உருக்கை வெளியேற்றிவிட்டன. நொட்டிங்ஹாமில் றலியின் உற்பத்தி 2002ஆம் ஆண்டளவில் முற்றாக நின்றது. இந்தியாவில் தலைமுறைகளாக உருக்குச் சைக்கிள் உற்பத்திசெய்து வந்த அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3ஆம் திகதி மூடப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2018இல் உலக சைக்கிள் தினமாகப் பிரகடனஞ்செய்த நாளும் அதுவே.

எடை என்னும் வாதம்

உருக்குக்கு எதிரான முதல் வாதம் எடை பற்றியது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மையின் அளவு என்ன என்பதை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அறுபது கிலோகிராம் எடையுள்ள ஓர் இளைஞன் பத்துக் கிலோகிராம் உருக்கு வண்டியில் றத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் மலைப்பாதையில் ஏறுவதாகக் கொள்வோம். அவனுக்கு எட்டுக் கிலோகிராம் காபன் வண்டி ஒன்றைக் கொடுத்தால் மொத்தப் பாரம் எழுபதிலிருந்து அறுபத்தெட்டாகக் குறையும். குறைவு நூற்றுக்கு மூன்றுக்கும் உட்பட்டது. செங்குத்தான ஏற்றத்தில் நேரம் ஏறத்தாழப் பாரத்தின் விகிதத்திலேயே மாறும் என்பதால், ஒரு மணி நேர ஏற்றத்தில் அவன் மீதப்படுத்துவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவே. அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் இரண்டினைச் சுமந்தால் இந்த இலாபத்தின் பாதி போய்விடும். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துச் சமதரையில் இவ்விலாபமும் இல்லை. அங்கு விரைந்து செல்லும் சைக்கிளோட்டியின் முயற்சியிற் பெரும்பகுதியை விழுங்குவது காற்றின் தடையேயன்றிச் சட்டத்தின் எடையன்று.

தொழின்முறை வீரனுக்கு இரண்டு நிமிடம் பெரிது. அவனது வாழ்க்கை அதில் தங்கியுள்ளது. அவனுக்கு வண்டி கொடுப்பவர் வேறு, திருத்துபவர் வேறு, உடைந்தால் மாற்று வண்டி பின்னால் வரும் மோட்டார் வாகனத்திலேயே இருக்கும். அத்தகைய பந்தயவுலகமே எடைப் போட்டியின் அபத்தத்தை உணர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1996ஆம் ஆண்டில் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் லுகானோ சாசனத்தின் மூலம், இயந்திரத்தைவிட மனிதனே முதன்மையானவன் என்ற கொள்கையை வலியுறுத்தியது. 2000ஆம் ஆண்டு முதல் 6.8 கிலோகிராமுக்குக் குறைந்த வண்டிகள் அதன் பந்தயங்களில் தடைசெய்யப்பட்டன. எடையைக் குறைத்துக்கொண்டே செல்வதை ஓரெல்லையில் நிறுத்தியாக வேண்டும் என்று அவ்வுலகம் தனக்கே விதி வகுத்துக்கொண்டது. விதியை வகுத்தவர்களிடமிருந்து வண்டியை மட்டும் இரவல் பெற்று, விதிக்குக் காரணமான சிந்தனையைப் பெறாமல் விட்டவர்கள் ஏனையோர்.

அலுமினியம் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அலுமினியத்தின் அடர்த்தி உருக்கின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. அதன் விறைப்பும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. ஆதலின் அலுமினியக் குழாய்களைப் பருமனாக்கியே வேண்டிய உறுதியைப் பெறுகின்றனர். மேலும், உருக்குக்கு ஓர் எல்லையுண்டு: அவ்வெல்லைக்குட்பட்ட அதிர்வுகளை அது எண்ணற்ற தடவைகள் தாங்கவல்லது. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை; சிறு அதிர்வுகளும் காலப்போக்கில் அதனைச் சோர்வுறச் செய்யும். குண்டும் குழியுமான தோட்டப் பாதைகள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் இவ்வேறுபாடு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று.

மாத்தளையில் நிகழ்ந்தது என்ன?

இதுகாறும் கூறப்பட்டவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடைபெறும் விவாதத்துக்கு விடையாகலாம். மாத்தளையில் நிகழ்ந்ததோ முற்றிலும் வேறானது.

இம்மாவட்டம் ஒரே தன்மையுடையதன்று. தெற்கே உக்குவளை, றத்தோட்டை, யட்டவத்தை முதலிய பகுதிகள் மலையும் சரிவுமானவை. வடக்கே நாவுலவைக் கடந்து தம்புள்ளை, சீகிரியா, கலேவெல ஆகிய பகுதிகள் உலர்வலயத்துச் சமநிலம். 1880ஆம் ஆண்டில் மாத்தளை நகரை அடைந்த புகையிரதப் பாதை அங்கேயே முடிவடைகின்றது. அதற்கப்பால் வீதியே கதி. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி இம்மாவட்டத்தை நெடுக்காக ஊடறுத்துச் செல்கின்றது. வடபகுதிச் சமநிலத்தில் உருக்குச் சைக்கிள் வயலுக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் மக்களைச் சுமந்தது. தென்பகுதி மலைகளில் அது ஒருபோதும் யாழ்ப்பாணத்தைப் போல் ஆட்சி செலுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது கிலோகிராம் பாரமும் ஒரேயொரு பற்சில்லும் கொண்ட பழைய றலி வண்டியை, லயத்திலிருந்து நகரத்துக்கு இறக்கலாம். மீண்டும் ஏற்றுவதென்றால் தள்ளிக்கொண்டுதான் செல்லவேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் நடந்து சென்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குறையை நீக்கவல்ல வண்டி எது? இலேசான கலப்புருக்குச் சட்டமும், பல பற்சில்லுகளைக் கொண்ட கியர் அமைப்பும் உடைய வீதிச் சைக்கிளே அது. மலைப்பாங்கான மாத்தளைக்கு அது வந்து சேர வேண்டிய காலத்திலேதான் அதற்கு வழி அடைபட்டது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. பின்னர் இந்திய மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் லீசிங் கடனோடு வீட்டுவாசலுக்கே வந்தன. சைக்கிள் வறுமையின் அடையாளமாயிற்று. எஞ்சியிருந்த சைக்கிள் சந்தையையும், தடித்த ரயர்களும் முன்கவையில் சுருள்வில்லும் பொருத்தப்பட்ட 'மலைச் சைக்கிள்' போலிகள் கைப்பற்றின.

இப்போலிகளின் எடை என்ன? 14, 15 கிலோகிராம். சில அதற்கும் மேல். அவற்றுட் பலவற்றின் சட்டமும் உருக்கே. ஆயினும் மலிவான, தடித்த, குழாய்நீர்க் கம்பியை ஒத்த உருக்கு. மலிவான சுருள்வில் ஏற்றத்தில் மிதிப்பவனின் வலுவை உறிஞ்சுகின்றது. இறக்கத்தில் சில மாதங்களிலேயே இறுகிப் பயனற்றுப்போகின்றது. உருக்கு வீதிச் சைக்கிள் பாரமானது என்று கூறி அதனை ஒதுக்கிய சமூகம், அதைவிட ஐந்து கிலோகிராம் கூடிய வண்டியை விலைகொடுத்து வாங்கியிருக்கின்றது. இலேசு என்னும் வாதம் இங்கு ஒரு காரணமாக இருக்கவேயில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சஞ்சிகையின் அட்டையில் காணப்படும் தோற்றமே இங்கு விற்பனையாகின்றது.

திருத்துதலும் சார்ந்திருத்தலும்

ஒரு வண்டியை மதிப்பிடுவதற்கு மாத்தளைக்குரிய அளவுகோல் யாது? அது உடைந்தால் எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில், யாரால் சீர்செய்யப்படும் என்பதே அதுவாகும்.

உருக்குச் சட்டத்தில் வெடிப்பு ஏற்பட்டால் பித்தளைகொண்டு ஒட்டவல்ல தொழிலாளி ஒருவர் சந்தியிலுள்ள வெல்டிங் பட்டறையில் இருக்கின்றார். வளைந்த முன்கவையை அவர் நெருப்புக் காட்டாமலேயே நிமிர்த்துவார். உருக்கு பெரும்பாலும் முறிவதற்கு முன் வளையும், வளையுமுன் முனகும், பழகிய செவி அதனை அறியும். வெப்பப் பதனிடப்பட்ட அலுமினியத்தை ஒட்டினால் ஒட்டிய இடம் வலுவிழக்கும். மீண்டும் பதனிட உலை வேண்டும். காபன் நாரைத் திருத்தும் பட்டறைகள் உலகில் உண்டு. உள்ளிருக்கும் சிதைவைக் கண்டறியத் தனிக் கருவிகளும் பிசினும் பயிற்சியும் வேண்டும். லக்கலவிலோ வில்கமுவவிலோ அவற்றைத் தேடுவது வீண்.

சட்டத்தோடு இது முடிவதில்லை. பழைய உருக்கு வண்டிகளின் திருகாணி, அச்சு, ஆசனத்தண்டு ஆகியவற்றின் அளவுகள் பெரும்பாலும் பொதுவானவை. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும். இன்றைய உயர்விலை வண்டிகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று தனி அளவுகளை வகுத்துள்ளது. பிரேக் கம்பிகள் கைபிடிக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் மறைக்கப்பட்டுள்ளன; ஒரு கம்பியை மாற்ற வண்டியின் தலைப்பகுதியையே கழற்ற நேரிடுகின்றது. கியர் மாற்றுவதற்கு மின்கலமும் மென்பொருளும் வந்துவிட்டன. இவை யாவும் முன்னேற்றம் என்ற பெயரால் நிகழ்ந்தவை. சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த அறிவு இதன்மூலம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அவர் திருத்துபவர் என்ற நிலையிலிருந்து பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டும் முகவராகத் தாழ்த்தப்படுகின்றார். உழைப்பவனிடமிருந்து அறிவைப் பிரித்தெடுத்து அதனை அவனுக்கே விலைக்கு விற்கும் இம்முறை பொருளியல் மாணவர்களுக்குப் புதிதன்று.

இத்தகைய சார்ந்திருத்தலின் விலையை இந்நாடு அண்மையிலேயே செலுத்தியது. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. மோட்டார் சைக்கிள்கள் நிரைநிரையாக எரிபொருள் நிலையங்களின் முன் உறங்கின. அப்போது வீட்டுக் கோடிகளிலும் விறகுக் கொட்டில்களிலும் கிடந்த பழைய உருக்குச் சைக்கிள்கள் வெளியே எடுக்கப்பட்டன. துருவைச் சுரண்டி, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, ரியூபை ஒட்டியபின் அவை ஓடின. பல ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்த பண்டமொன்று அரை நாள் வேலையின் பின் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் எரிபொருள் ஒதுக்கீட்டு முறை வந்தது, வரிசைகள் குறைந்தன, சைக்கிள்களும் மீண்டும் கோடிக்குப் போயின. 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகன இறக்குமதிக்கும் மீண்டும் வழி திறக்கப்பட்டது. நெருக்கடி கற்பித்த பாடம் நெருக்கடியோடு மறக்கப்பட்டது.

ஏ-9 வீதியின் மறுமுனையிலுள்ள மக்களுக்கு இப்பாடம் முன்னரே தெரியும். 1990களில் எரிபொருள் உட்படப் பல பொருள்கள் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், நோயாளியையும் விறகையும் அரிசி மூட்டையையும் இடம்பெயர்ந்த குடும்பத்தின் உடைமைகளையும் சுமந்தது சைக்கிளே. ஒரு வண்டியின் உதிரிப்பாகம் இன்னொரு வண்டியை ஓடச்செய்தது. சட்டம் முறிந்தபோது கொல்லன் ஒட்டினான். அக்காலத்தில் அங்கு காபன் நார் வண்டிகள் மட்டும் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்வது கடினமன்று.

பந்தயமும் வர்க்கமும்

பயணத்துக்குரிய சைக்கிள் ஒருபுறமிருக்க, விளையாட்டுத் துறையில் இம்மாற்றம் விளைத்த அநீதி கூடிய கவனத்துக்குரியது.

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இந்நாட்டின் கிராமங்கள் பலவற்றில் சைக்கிளோட்டப் போட்டி நடைபெறுவது நெடுங்கால வழக்கம். பந்தயம் என்ற சொல்லின் பொருளை ஏழை வீட்டுப் பிள்ளை முதன்முதலாக அறிந்துகொள்வது அங்கேதான். தகப்பனாரின் சைக்கிளின் கரியரையும் மட்காட்டையும் கழற்றிவிட்டு அவன் வரிசையில் நிற்பான். அவன் வென்றால் அது அவன் கால்களின் வெற்றி. அங்கிருந்து மாவட்ட மட்டத்துக்கும் தேசிய மட்டத்துக்கும் செல்ல விரும்பும்போது இன்று அவன் முன் நிற்பது மலையன்று, விலைப்பட்டியல்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். உச்சநிலைப் பந்தய வண்டிகள் இன்று பத்தாயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டுகின்றன. அவற்றை விடுத்து, இரண்டாயிரம் டொலர் விலையுள்ள எளிய காபன் வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு டொலர் முந்நூறு ரூபா எனக் கொண்டால், வரியும் போக்குவரத்துச் செலவும் நீங்கலாகவே அதன் பெறுமதி ஆறு இலட்சம் ரூபா. பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தின்படி, ஒரு சதமேனும் உண்ணாமலும் உடுக்காமலும் 444 நாள் உழைத்தால் அத்தொழிலாளி தன் மகனுக்கு அவ்வண்டியை வாங்கிக் கொடுக்கலாம். இவ்வாறிருக்கத் தோட்டப்புறங்களிலிருந்து சைக்கிளோட்ட வீரர்கள் உருவாகவில்லையே என்று மேடைகளிற் கவலைப்படுவோரை என்னென்பது? காலையும் மாலையும் மலையேறி இறங்கும் அப்பிள்ளைகளின் நுரையீரலுக்கும் கால்களுக்கும் குறையில்லை. குறை வேறிடத்தில் உள்ளது.

இது தவிர்க்கவியலாத விதி என்று கூறுவோர் ஜப்பானை நோக்குக. அங்கு 1948ஆம் ஆண்டில் கொக்குரா நகரில் ஆரம்பமான கெய்ரின் என்னும் ஓடுதளப் பந்தயத்தில், மரபுவழி ஆடவர் போட்டிகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட உருக்குச் சட்டங்களையே பயன்படுத்த வேண்டும் என்ற ஒழுங்கு நிலவுகின்றது. காபன் நார்த் தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடு ஜப்பான். அவ்வாறிருந்தும், பெருந்தொகைப் பணம் பந்தயம் கட்டப்படும் விளையாட்டில் எவருக்கும் இயந்திரத்தால் சலுகை கிடைத்தலாகாது என்பதற்காக அவர்கள் உருக்கைப் பேணுகின்றனர். சமத்துவத்தை நாடியவிடத்து உருக்கு போதுமானதாகவும் பொருத்தமானதாகவும் அமைந்திருக்கின்றது. சூதாட்டக்காரரின் பணத்துக்கு அளிக்கப்படும் இந்தப் பாதுகாப்பு, மாத்தளையில் ஒரு தொழிலாளியின் மகனுக்கு அளிக்கப்படலாகாதா?

எதிர்வாதங்கள்

உருக்கை ஆதரித்தல் பழமைமோகம் என்பர் சிலர். பழமைமோகம் எங்குளது என்பதை அறிய இத்தாலிக்குச் செல்லவேண்டும். 1997ஆம் ஆண்டு முதல் அங்கு 'லெரோய்க்கா' என்ற ஓட்டம் நடைபெறுகின்றது. 1987க்கு முன் ஆக்கப்பட்ட வண்டிகளில், பழங்காலக் கம்பளிச் சட்டை அணிந்து செல்வந்தர்கள் மண்சாலைகளில் ஓடுகின்றனர். மேலைநாட்டுக் கைவினைஞர் ஆக்கும் உருக்குச் சட்டங்கள் பல, காபன் வண்டிகளைவிடக் கூடிய விலைக்கு விற்பனையாகின்றன. உருக்கை அருங்காட்சியகப் பண்டமாக்கி மகிழும் இம்மனோபாவமும், அதனைக் குப்பையில் எறியும் மனோபாவமும் ஒரே மூலத்தில் பிறந்தவை. இரண்டும் வண்டியை அதன் பயனிலிருந்து பிரித்து அந்தஸ்தின் சின்னமாகவே நோக்குகின்றன. இங்கு வேண்டப்படுவது நாளாந்தம் ஓடும், சேறுபடும், சந்தியிற் திருத்தப்படும் உருக்கு.

உருக்கு துருப்பிடிக்கும் என்பது மெய்யே. வடகீழ்ப் பருவமழையில் நனையும் மாவட்டத்தில் அது அலட்சியம் செய்யத்தக்க விடயமன்று. வர்ணப்பூச்சும், குழாய்க்குள் ஆண்டுக்கொருமுறை இடும் எண்ணெயும் அதற்கு மருந்து. ஐம்பது ஆண்டு வயதான றலி வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது துருவை வெல்லலாம் என்பதற்குச் சான்று. மேலும், துரு வெளியே தெரியும் நோய். பயனாளி கண்ணாற் கண்டு தன் கையாற் தடுக்கக்கூடியது.

தொழில்நுட்ப வளர்ச்சியைத் தடுக்க முடியுமா என்றும் வினவப்படலாம். தடுக்கவேண்டும் என்று எவரும் கோரவில்லை. உலகப் பந்தயத்தில் நிற்கும் வீரனுக்குக் காபன் வண்டி தேவையெனின் நாடு அதனை அவனுக்கு வாங்கிக் கொடுக்கட்டும். கலப்புருக்கும் தொழில்நுட்பத்தின் விளைவே என்பதை இவ்வினாவை எழுப்புவோர் மறந்துவிடுகின்றனர். மெல்லிய சுவர்க் குழாய்களை இழுத்தெடுப்பதும், ஓரங்களில் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் அமைப்பதும், வலுவிழக்காது ஒட்டுவதும் உயர்ந்த தொழில்நுட்பங்களே. ஒரு சமூகம் தன்னால் கற்றுக்கொள்ளவும் கையாளவும் கூடிய தொழில்நுட்பத்தை விடுத்து, தன்னால் விலைக்கு வாங்க மட்டுமே கூடியதைத் தெரிவுசெய்வதை வளர்ச்சி என்று அழைத்தல் தகாது.

செய்யத்தக்கவை

கண்டனத்தோடு அமைந்துவிடுதல் பல்கலைக்கழகக் கட்டுரைகளின் வழமையான குறை. ஆதலின், உடனடியாகச் செய்யத்தக்க மூன்று காரியங்களை எடுத்துரைத்தல் பொருத்தமாகும்.

முதலாவது, பாடசாலை மட்டத்திலும் மாவட்ட மட்டத்திலும் பல்கலைக்கழகங்களுக்கிடையேயும் நடைபெறும் சைக்கிளோட்டங்களில், உருக்குச் சட்டத்துக்கென ஒரு தனிப்பிரிவு வகுக்கப்படல் வேண்டும். அதற்குச் செலவு எதுவுமில்லை. ஒரு விதியும், சட்டத்தில் வைத்துப் பார்க்க ஒரு காந்தத் துண்டும் போதும். அப்பிரிவில் வெல்பவருக்குரிய பரிசும் பாராட்டும் ஏனைய பிரிவினரதிலும் குறைந்ததாக இருத்தலாகாது.

இரண்டாவது, தொழில்நுட்பக் கல்லூரிகளின் உலோகவேலைப் பாடநெறிகளில் சைக்கிள் சட்டம் ஆக்குதலும் பித்தளை ஒட்டுவேலையும் சேர்க்கப்படல் வேண்டும். யன்னற் கம்பியும் இரும்புக் கதவும் ஒட்டுகின்ற மாணவர்க்கு இது எட்டாத கலையன்று. இன்றுள்ள முதிய சைக்கிள் கடைக்காரரின் கைத்திறன் அவரோடு மறைவதற்கு முன் அது அடுத்த தலைமுறைக்குச் சென்றாக வேண்டும். பாணந்துறையின் லுமாலா போன்ற உள்நாட்டுச் சைக்கிள் உற்பத்தியாளரிடம், மலைநாட்டுக்குரிய கியர் அமைப்போடு இலேசான உருக்கு வீதிச் சைக்கிளை ஆக்கித் தருமாறு கோரவும் வேண்டும். கோரிக்கை இல்லாதவிடத்து உற்பத்தியும் இராது.

மூன்றாவது, இறக்குமதி வரி விதிப்போர் உருக்குக் குழாய், சங்கிலி, பற்சில்லு, பிரேக் கட்டை போன்ற திருத்துதற்குரிய பொருள்களை முழு வண்டியிலிருந்து பிரித்து நோக்க வேண்டும். ஒரு சங்கிலிக்குச் செலவிடும் அந்நியச் செலாவணி ஒரு வண்டியின் ஆயுளை ஆண்டுக்கணக்கில் நீட்டும். அதே செலாவணி மோட்டார் வண்டியின் எரிபொருளாகச் சில நாட்களில் எரிந்து முடியும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பல்கலைக்கழக மாணவரிடமும் விரிவுரையாளரிடமும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. சுதேச உற்பத்தி, தன்னிறைவு, தொழிலாளர் உரிமை என்று கருத்தரங்குகளில் முழங்கிவிட்டு, மோட்டார் சைக்கிளுக்கான லீசிங் விண்ணப்பத்தில் ஒப்பமிடச் செல்லும் முரண்பாடு விரிவுரை மண்டபங்களுக்கு அந்நியமானதன்று. வளாகங்களின் சைக்கிள் தரிப்பிடங்கள் மோட்டார் சைக்கிள் தரிப்பிடங்களாக மாறியதைக் கண்டும் எவரும் அதனை ஒரு பொருளியல் வினாவாக எழுப்பவில்லை. அலகொலவெவவின் உலைகளைப் பற்றி ஆய்வேடு எழுதுவோரும், உலைக்கு அயலிலுள்ள வெல்டிங் பட்டறைக்காரர் இன்று எதனை ஒட்டுகின்றார், எதனை ஒட்ட முடியாது திருப்பி அனுப்புகின்றார் என்று கேட்டதில்லை. அக்கேள்வியைக் கேட்கத் தொடங்குவோர், எடையைப் பற்றிய பேச்சை விடுத்து, எந்த வண்டி எவருடைய கையில் எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற கணக்குக்கு வந்துசேர்வர். மாத்தளையின் பிள்ளைகள் எதில் ஏறிப் பாடசாலைக்குச் செல்வர், எதில் ஏறிப் பந்தயத்துக்கு வருவர் என்பது அக்கணக்கிலேயே தங்கியுள்ளது.